யூஎல்ஏ முகவரி கொடுத்தும் எல்லாம் ஐபிவி4 வழியாகவே ஓடுகிறது: விதியைத் திருத்துகிறார்களாமே?

#1 வலைத்தறி

அலுவலக நெட்வொர்க்கில் பழைய ஐபிவி4 முகவரிகளோடு, ஆறு மாதமாகப் புதிய ஐபிவி6-உம் ஓடுகிறது. இணைய இணைப்பு தரும் ஐஎஸ்பி கொடுக்கும் முன்னொட்டு (முகவரியின் முன்பகுதி) அவ்வப்போது மாறித் தொலைக்கும் என்பதால், உள்ளே இருக்கும் சர்வர்களுக்கு எஃப்டி00 வகையில் யூஎல்ஏ முகவரி (உள் நெட்வொர்க்குக்கு மட்டுமான ஐபிவி6 முகவரி) கொடுத்தேன். பெயரை முகவரியாக்கித் தரும் உள் டிஎன்எஸ்ஸில் ஒவ்வொரு பெயருக்கும் ஐபிவி4-க்கு ஒரு ஏ ரெக்கார்டு, ஐபிவி6-க்கு ஒரு ஏஏஏஏ ரெக்கார்டு. பிங் போகிறது, எஸ்எஸ்ஹெச் போகிறது, எல்லாம் சரி என்று நினைத்திருந்தேன்.

நேற்று வேறு வேலையாக ஃபயர்வால் கவுண்ட்டரைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஃபைல் சர்வரின் யூஎல்ஏ முகவரிக்கான விதியில் விழுந்த பாக்கெட் எல்லாமே ஒரே கணினியிலிருந்து வந்தவை. அது என் லினக்ஸ் லேப்டாப். மற்ற விண்டோஸ் கணினிகள் அத்தனையும் 10-இல் தொடங்கும் பழைய முகவரிக்கே போய்க்கொண்டிருக்கின்றன. ஆறு மாதமாக என் லேப்டாப்பில் சோதித்துப் பார்த்துவிட்டு "ஐபிவி6 பிரமாதமாக ஓடுகிறது" என்று ரிப்போர்ட் வேறு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

முகவரி தேர்வு விதியையே திருத்தப் போகிறார்கள் என்று எங்கோ படித்தேன். உண்மையா? அதுவரை நான் என்ன செய்வது?

#2 எட்டுப்பங்கு

உள் பெயர்களிலிருந்து ஏ ரெக்கார்டை எடுத்துவிடுங்கள். பிரச்சினை தீர்ந்தது.

#3 நாட்_வாழ்க

பிரச்சினையே இல்லை என்கிறேன். 10-ஆம் முகவரி ஓடுகிறதா? ஓடுகிறது. ஃபைல் வருகிறதா? வருகிறது. அப்புறம் எதற்கு இந்த வீண் வேலை?

#4 பழைய_கேபிள்

தம்பி, விண்டோஸ் தப்பு எதுவும் செய்யவில்லை. ஏட்டில் இருப்பதை எழுத்துப் பிசகாமல் செய்கிறது.

ஒரு பெயருக்கு நாலைந்து முகவரி கிடைத்தால் எதை முதலில் முயல்வது என்பதற்கு, இணைய விதிகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பின் ஆர்எஃப்சி 6724 என்று ஒரு ஆவணம் இருக்கிறது. 2012-இல் வந்தது. அதில் ஒரு சின்ன அட்டவணை. ஒவ்வொரு முன்னொட்டுக்கும் ஒரு முன்னுரிமை எண் (பெரியது ஜெயிக்கும்), ஒரு லேபிள் (எது எதோடு சேரும் என்று காட்டும் எண்). சாதாரண ஐபிவி6 முகவரிக்கு முன்னுரிமை 40. ஐபிவி4-க்கு 35. யூஎல்ஏ மொத்தத்துக்கும், அதாவது எஃப்சி00::/7 முழுவதற்கும், 3.

ஆமாம், மூன்று. முப்பது என்று எழுத வந்து விட்டுப்போனது அல்ல.

உங்கள் ஃபைல் சர்வரை எடுத்துக்கொள்வோம். விண்டோஸ் கணினியிடம் யூஎல்ஏ ஒன்று, 10-ஆம் முகவரி ஒன்று. சர்வருக்கும் அப்படியே இரண்டு. விதிகளை வரிசையாகப் பார்க்க வேண்டும். ஐந்தாம் விதி லேபிள் பொருத்தம்: புறப்படும் முகவரியும் போய்ச் சேரும் முகவரியும் ஒரே லேபிளா? யூஎல்ஏ ஜோடிக்கு 13-க்கு 13. ஐபிவி4 ஜோடிக்கு 4-க்கு 4. இரண்டும் பொருந்துகின்றன, சமன். அடுத்து ஆறாம் விதி, முன்னுரிமை. 35-க்கும் 3-க்கும் போட்டி. ஆட்டம் முடிந்தது.

ஆக, இரண்டு வகை முகவரியும் உள்ள நெட்வொர்க்கில் யூஎல்ஏ என்பது பெயரளவுக்குத்தான். யாரும் கூப்பிடாத விருந்தாளி மாதிரி வாசலில் நிற்கும்.

விண்டோஸில் நெட்எஸ்ஹெச் கட்டளையில் ஐபிவி6 ப்ரிஃபிக்ஸ் பாலிசிகளைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். அந்த 3-ஐ உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம்.

#5 வலைத்தறி

பார்த்தேன். 3, லேபிள் 13. சொன்னது சொன்னபடி இருக்கிறது. அப்படியானால் என் லினக்ஸ் மட்டும் ஏன் ஒழுங்காக, சரி, "ஒழுங்கு மீறி", யூஎல்ஏவுக்குப் போகிறது?

#6 முயல்குட்டி

அது என் பேட்டை, நான் சொல்கிறேன்.

லினக்ஸில் பெயரைக் கொடுத்து முகவரிப் பட்டியலை வரிசைப்படுத்தித் தருவது சி லைப்ரரியின் வேலை. பெரும்பாலான டெஸ்க்டாப் லினக்ஸில் அது ஜிலிப்சி. ஜிலிப்சிக்குள் இருக்கும் இயல்பு அட்டவணை இன்னும் ஆர்எஃப்சி 3484 காலத்தது, அதாவது 2003. யூஎல்ஏ என்ற ஒன்று வரையறுக்கப்பட்டதே 2005 அக்டோபரில்தான், ஆர்எஃப்சி 4193-இல். பின்னால் ஜிலிப்சியில் யூஎல்ஏவுக்குத் தனி லேபிள் சேர்த்தார்கள். தனி முன்னுரிமை சேர்க்கவில்லை. அதனால் அது பொதுக் கணக்கில் 40-இல் விழுகிறது. அங்கே ஐபிவி4-க்கு 10. யூஎல்ஏ ஜெயிக்கிறது.

இதோடு முடிந்தால் பரவாயில்லை. மஸ்ல் என்ற இன்னொரு சி லைப்ரரி புதிய அட்டவணையை அப்படியே எடுத்து எழுதியிருக்கிறது: ஐபிவி4 35, யூஎல்ஏ 3. ஆல்பைன் என்ற சின்ன லினக்ஸ் வகையின் கன்டெய்னர்களுக்குள் (நிரலை அடைத்து ஓட்டும் தனிப் பெட்டிகள்) இருப்பது மஸ்ல். டெபியன் கன்டெய்னருக்குள் ஜிலிப்சி. ஒரே மெஷின், ஒரே டிஎன்எஸ், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கன்டெய்னர். ஒன்று டேட்டாபேஸுக்கு ஐபிவி6-இல் போகும், இன்னொன்று ஐபிவி4-இல் போகும். டேட்டாபேஸின் அனுமதிப் பட்டியலில் ஒரு வகை முகவரி மட்டும் எழுதியிருந்தால் ஒரு கன்டெய்னருக்கு மட்டும் கதவு திறக்கும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்றரை நாள் ஆனது. கோடில் ஒரு வரி மாறவில்லை, இமேஜைச் சின்னதாக்க வேண்டும் என்று டெபியனிலிருந்து ஆல்பைனுக்கு மாற்றினேன். அவ்வளவுதான் நான் செய்த பாவம்.

#7 வலைத்தறி

அடப்பாவமே. அப்போது ஜிலிப்சியில் இந்த அட்டவணையை மாற்ற உதவும் ஜிஏஐ.கான்ஃப் கோப்பைத் திருத்தி ஒரே மாதிரி ஆக்கிவிடலாமா?

#8 முயல்குட்டி

ஆக்கலாம், ஆனால் ஒரு பள்ளம் இருக்கிறது. அந்தக் கோப்பில் முன்னுரிமை வரி ஒன்றே ஒன்று எழுதினாலும் உள்ளே இருக்கும் முன்னுரிமை அட்டவணை முழுவதும் கழன்றுவிடும். ஒரு வரி சேர்க்கிறோம் என்று நினைப்போம், உண்மையில் மொத்த அட்டவணையையும் அந்த ஒரு வரியால் மாற்றியிருப்போம். வேண்டிய வரிகள் எல்லாவற்றையும் திரும்ப எழுதியாக வேண்டும். லேபிள் வரிக்கும் இதே கதைதான். மஸ்ல் இந்தக் கோப்பைத் திறந்தே பார்க்காது.

#9 நாட்_வாழ்க

நான் சொன்னதைத்தானே சுற்றி வளைத்துச் சொல்கிறீர்கள்? 10-ஆம் முகவரியோடு நிறுத்தியிருந்தால் இந்த ஒன்றரை நாள் மிச்சம்.

#10 பழைய_கேபிள்

உங்கள் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்கிறேன். இன்று மட்டும் பார்த்தால் நஷ்டம் ஒன்றுமில்லை. நஷ்டம் ஐபிவி4-ஐ எடுக்கும் நாளில் தெரியும். ஆறு மாதமாக ஐபிவி6 ஓடுகிறது என்று தம்பி நம்பிக்கொண்டிருந்தார். பாக்கெட்டே போகாத பாதையில் ஃபயர்வால் ஓட்டை இருந்தாலும் தெரியாது, ரவுட்டிங் பிழை இருந்தாலும் தெரியாது. ஐபிவி4-ஐ அணைக்கும் அன்று எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வரும்.

சரி, ஏன் 3 வைத்தார்கள்? வைத்தவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்ல. சூடு கண்டவர்கள்.

ஐபிவி6-இன் முதல் வரைவுகளில் உள்ளூருக்கென்று இரண்டு வகை முகவரி இருந்தது. ஒன்று எஃப்இ80, ஒரே கேபிளுக்குள். அது இன்றும் இருக்கிறது, அதில் யாருக்கும் சண்டை இல்லை. இன்னொன்று எஃப்இசி0::/10, சைட்-லோக்கல். அதில் முன்னொட்டுக்கு அப்புறம் 38 பிட் வெறும் பூஜ்யம், பிறகு 16 பிட் சப்நெட். ஆக உலகத்தில் எல்லாருடைய சைட்-லோக்கல் நெட்வொர்க்கும் ஒரே எண்ணில்தான் தொடங்கும். 192.168 மாதிரியே. 128 பிட் இருந்தும் ஐபிவி4 கஷ்டத்தைப் பத்திரமாகப் பெயர்த்துக்கொண்டு வந்து வைத்தார்கள்.

"சைட்" என்றால் எது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஒரு கட்டடமா, ஒரு நிறுவனமா, விபிஎன் (தொலைவிலிருந்து உள்ளே இணைக்கும் டனல்) போட்டால் அதுவும் சேர்த்தியா? இரண்டு சைட்டுக்கு நடுவில் நிற்கும் ரவுட்டர் ஒரே எண்ணுக்கு இரண்டு அட்டவணை வைத்திருக்க வேண்டும். முகவரி டிஎன்எஸ் வழியாகவோ ஈமெயில் வழியாகவோ வெளியே கசிந்தால், வாங்கியவர் தன் சைட்டில் அதே எண்ணில் இருக்கும் வேறு யாரையோ போய்த் தட்டுவார். 2003 மார்ச்சில் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த ஐஇடிஎஃப் கூட்டத்தில் இதை ஒழிப்பது என்று முடிவானது. அதை எதிர்த்து மேல்முறையீடு வரை போனார்கள். கடைசியில் 2004 செப்டம்பரில் ஆர்எஃப்சி 3879 வந்து சைட்-லோக்கலுக்கு மூடுவிழா நடத்தியது. மூடியும் போகவில்லை என்பது வேறு கதை. ஐபிவி6 டிஎன்எஸ் சர்வர் எதுவும் கிடைக்காத விண்டோஸ் கணினிகள் எஃப்இசி0-வில் தொடங்கும் மூன்று டிஎன்எஸ் முகவரிகளைக் காட்டிக்கொண்டே இருந்தன, வருடக்கணக்கில்.

யூஎல்ஏ வந்தபோது அந்த நினைவு பசுமையாக இருந்தது. "இதுவும் கசியும், போய்ச் சேராத முகவரியை ஹோஸ்ட் முயன்றுகொண்டிருக்கும், பயனர் காத்திருப்பார்" என்ற பயம். 3 என்பது அந்தப் பயத்தின் எண்.

#11 கேள்விக்குறி

போய்ச் சேராவிட்டால் என்ன, ஒரு முகவரி தாமதித்தால் அடுத்ததை முயலும் ஹாப்பி ஐபால்ஸ் முறை பார்த்துக்கொள்ளாதா? 250 மில்லிசெகண்டில் அடுத்த முகவரிக்குப் போய்விடுமே.

#12 முயல்குட்டி

பிரவுசரில் போகும். பேக்கப் ஸ்கிரிப்டில்? ஃபைல் ஷேரில்? பட்டியலில் முதலில் இருப்பதைப் பிடித்துக் கனெக்ட் கொடுத்துவிட்டு டைம்-அவுட் வரை தேவுடு காக்கும் நிரல்கள்தான் அதிகம். லினக்ஸில் பதிலே வராவிட்டால் டிசிபி பல முறை திரும்ப முயலும். கைவிட இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். பயந்தவர்கள் சும்மா பயப்படவில்லை.

#13 தூங்காத_ரவுட்டர்

முதல் பதிவில் கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லையே. ஆமாம், திருத்தம் உண்மை. ஐஇடிஎஃப்பில் ஐபிவி6-ஐப் பராமரிக்கும் 6மேன் குழுவில் எடுத்துக்கொண்ட வரைவு அது. நான் அந்த விவாதத்தைத் தொடர்ந்து படித்தவன் என்பதால் என் புரிதலைச் சொல்கிறேன்.

முதலில் வந்த யோசனை நேரடியானது: யூஎல்ஏ முழுவதையும் ஐபிவி4-க்கு மேலே தூக்கிவிடு. உடனே பழைய_கேபிள் சொன்ன அதே பயம் எழுந்தது. எங்கோ இருக்கும் நிறுவனம் தன் யூஎல்ஏவைப் பொது டிஎன்எஸ்ஸில் தவறிப் போட்டுவிட்டால், என் கணினி அதை நம்பிப் போய் முட்டிக்கொள்ளும்.

அதற்கு வந்த விடைதான் இந்தத் திருத்தத்தின் உயிர். எல்லா யூஎல்ஏவையும் ஒரே தட்டில் வைக்காதே. நான் இருக்கும் நெட்வொர்க்கின் யூஎல்ஏ வேறு, ஊரான் யூஎல்ஏ வேறு. என் ரவுட்டர் அனுப்பும் அறிவிப்பில் என்ன யூஎல்ஏ முன்னொட்டு வருகிறதோ, அதை ஹோஸ்ட் தன் அட்டவணையில் தனி வரியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த வரிக்கு மட்டும் முன்னுரிமை சாதாரண ஐபிவி6-இன் 40-ஐ விட அதிகம், லேபிளும் தனி. இப்படித் தெரியவராத ஊரான் யூஎல்ஏவுக்கு இந்தச் சலுகை கிடையாது.

இதற்கு ஆங்கிலத்தில் வைத்த பெயரைத் தமிழில் எழுதினால் "நோன் லோக்கல்" என்று வரும். படிப்பவர் "உள்ளூர் அல்லாதது" என்று நேர் எதிராகப் புரிந்துகொள்வார். அதனால் நான் "தெரிந்த உள்ளூர்" என்றே சொல்லிக்கொள்கிறேன்.

கவனிக்க வேண்டியது, இது ஐபிவி4-ஐ மட்டும் தாண்டவில்லை, ஐஎஸ்பி கொடுத்த உலக முகவரியையும் தாண்டுகிறது. முன்னொட்டு மாறித் தொலைக்கிறது என்று எழுதியிருந்தீர்களே, உங்களுக்கு உண்மையில் உதவுவது இதுதான். சர்வருக்கு இரண்டு ஏஏஏஏ ரெக்கார்டு இருந்தால், இன்றைய விதிப்படி உலக முகவரிதான் முதலில் போகும். ஐஎஸ்பி முன்னொட்டை மாற்றிய அன்று பழைய முகவரி ஹோஸ்ட்டுகளில் தொங்கிக்கொண்டே இருக்கும். ரவுட்டர் அறிவிப்பில் இயல்பாக வைத்திருக்கும் ஆயுள் 7 நாள் விருப்பத்துக்கு, 30 நாள் செல்லுபடிக்கு. யூஎல்ஏ முதலில் போனால் உள் போக்குவரத்துக்கு அந்தக் கூத்தே தெரியாது.

கூடவே, ஐந்தரை விதி என்று ஒன்று உண்டு (உண்மையிலேயே 5.5 என்றுதான் எண்). எந்த ரவுட்டர் வழியாகப் போகிறோமோ அந்த ரவுட்டர் கொடுத்த முன்னொட்டிலிருந்தே புறப்படும் முகவரியை எடு என்பது. இதுவரை விருப்பம் இருந்தால் செய் என்ற அளவில் இருந்ததைக் கட்டாயம் ஆக்கப் பார்க்கிறார்கள். இரண்டு ஐஎஸ்பி வைத்திருப்பவர்கள் கோவில் கட்டிக் கும்பிடலாம்.

#14 விளக்கு_சுவிட்ச்

த்ரெட், மேட்டர் (ஸ்மார்ட் வீட்டுச் சாதனங்களுக்கான தரங்கள்) சாதனங்கள் வைத்திருக்கும் பலருக்கும் இது நேரடியாகத் தொடர்புள்ள விஷயம். பல்பும் சென்சாரும் தனி மெஷ்ஷில் இருக்கும், அங்கே ஓடுவது முழுக்க ஐபிவி6. பார்டர் ரவுட்டர் அந்த மெஷ்ஷுக்கு எப்படிப் போவது என்று ரவுட் தகவலாக அறிவிக்கும். பெரும்பாலும் அது யூஎல்ஏ முன்னொட்டு.

லினக்ஸ் கெர்னல் இந்த ரவுட் தகவலை இயல்பாக ஏற்பதில்லை. ஏற்கும் முன்னொட்டு நீளத்துக்கான சிஸ்கன்ட்ரோல் எண் (கெர்னல் அமைப்பு) பூஜ்யத்தில் நிற்கும். அதை 64 ஆக்க வேண்டும். கன்டெய்னர் ஓடுகிற மெஷின் என்றால் ஃபார்வர்டிங் (பாக்கெட்டைக் கடத்திவிடும் வசதி) போட்டிருப்பீர்கள், அப்போது ரவுட்டர் அறிவிப்பையே கெர்னல் கண்டுகொள்ளாது, அதற்கான எண்ணை 2 ஆக்க வேண்டும். இந்த இரண்டு எண்ணைத் தேடி நான் பல்பை எத்தனை முறை கழற்றி மாட்டினேன் என்று கேட்காதீர்கள். பல்ப் மீது ஒரு தப்பும் இல்லை.

சொல்ல வந்தது: "ரவுட்டர் சொல்வதைக் கேட்டு அட்டவணையில் வரி சேர்" என்று புதிய விதி சொல்கிறது. ரவுட்டர் சொல்வதையே காதில் வாங்காத ஹோஸ்ட் என்ன செய்யும்?

#15 பழைய_கேபிள்

@வலைத்தறி, ஒரு கேள்வி. உங்கள் யூஎல்ஏ முன்னொட்டில் எஃப்டி-க்கு அப்புறம் வரும் 40 பிட் என்ன?

#16 வலைத்தறி

...பூஜ்யம்.

எஃப்டி00, அப்புறம் இரண்டு பூஜ்யம், அப்புறம் சப்நெட். ஞாபகம் வைத்துக்கொள்ள வசதியாக இருந்தது.

#17 எட்டுப்பங்கு

நினைத்தேன்.

#18 பழைய_கேபிள்

திட்டப் போவதில்லை. பாதிப் பேர் இதைத்தான் செய்கிறார்கள். ஆனால் மேலே தூங்காத_ரவுட்டர் எழுதியதை இதோடு சேர்த்துப் படியுங்கள்.

ஆர்எஃப்சி 4193 அந்த 40 பிட்டைக் குலுக்கிப் போட்டு எடுக்கச் சொல்கிறது. நேரத்தையும் மெஷினின் அடையாள எண்ணையும் சேர்த்து எஸ்ஹெச்ஏ-1 என்ற கலக்கும் கணக்கில் போட்டு, கடைசி 40 பிட்டை எடுத்துக்கொள் என்று செய்முறையே கொடுத்திருக்கிறார்கள். அப்படிச் செய்த இரண்டு நெட்வொர்க் மோதிக்கொள்ளும் வாய்ப்பு லட்சம் கோடியில் இரண்டுக்கும் குறைவு. 10,000 நெட்வொர்க்கை ஒன்றோடொன்று இணைத்தால்கூட எங்காவது ஒரு மோதல் வர சுமார் 22,000-இல் ஒரு வாய்ப்புதான்.

பூஜ்யம் போட்டால் வாய்ப்பு என்ற பேச்சே இல்லை. பூஜ்யம் போட்ட இன்னொருவரோடு நூற்றுக்கு நூறு மோதல். சைட்-லோக்கலை ஒழித்துவிட்டு வேறு எழுத்தில் அதையே திரும்பக் கட்டியிருக்கிறீர்கள்.

இப்போது புதிய விதி வந்துவிட்டது என்று வையுங்கள். உங்கள் ஊழியர் ஒருவர் வீட்டிலிருந்து விபிஎன்னில் வருகிறார். அவர் வீட்டு ரவுட்டரிலும் யாரோ அதே எஃப்டி00 பூஜ்யம் போட்டிருக்கிறார்கள். வீட்டு ரவுட்டர் அதை அறிவிக்கிறது. அவர் லேப்டாப்புக்கு அது "தெரிந்த உள்ளூர்". அலுவலக ஃபைல் சர்வரின் யூஎல்ஏ வந்ததும் முதல் மரியாதை கொடுத்து, வீட்டுக்குள்ளேயே தேடப் போகும். இன்றைய 3 உங்களை இதிலிருந்து காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. புதிய விதி அந்த எண் தனித்தது என்று நம்பி எழுதப்பட்டது.

#19 நாட்_வாழ்க

இதற்குத்தான் யாராவது ஒருவர் பதிவேடு வைத்துப் பங்கிட்டுத் தர வேண்டும் என்பது. எல்லாரையும் குலுக்கிக்கொள்ளச் சொன்னால் இப்படித்தான்.

#20 தூங்காத_ரவுட்டர்

அந்த யோசனையும் இருந்தது. எஃப்சி00::/7-ஐப் பாதியாக வெட்டி, எஃப்டி பாதியை நாமே எடுத்துக்கொள்ளவும், எஃப்சி பாதியைப் பிற்பாடு முடிவு செய்யவும் விட்டார்கள். எஃப்சி பாதியை மையமாகப் பதிவு செய்து கொடுப்பதற்கான வரைவு கரைசேரவே இல்லை. "பதிவு செய்து வாங்குவதென்றால் உலக முகவரியையே வாங்கிக்கொள்ளலாமே" என்ற கேள்விக்கு யாராலும் திருப்தியாகப் பதில் சொல்ல முடியவில்லை. ஐபிவி6 டனல் சேவை நடத்திய சிக்ஸ்எக்ஸ்எஸ் தன்னார்வமாக யூஎல்ஏ பட்டியல் ஒன்று வைத்திருந்தது. 2017-இல் அந்தச் சேவையையே மூடிவிட்டார்கள்.

குலுக்கல் மோசமில்லை. குலுக்க மறுப்பதுதான் மோசம். ஓப்பன்-டபிள்யூஆர்டி மாதிரி சில ரவுட்டர் மென்பொருள்கள் முதல் முறை இயங்கும்போதே தாமாகக் குலுக்கிப் போட்டுவிடுகின்றன. மனிதன் கை வைக்காத இடத்தில் எண் சரியாக இருக்கிறது.

#21 கேள்விக்குறி

விபிஎன் பற்றி ஒரு சந்தேகம். டனல் வழியாக ரவுட்டர் அறிவிப்பு வருவதே பல இடங்களில் கிடையாது. அப்படியென்றால் எண் சரியாக இருந்தாலும் வீட்டிலிருந்து வருபவருக்கு அலுவலக யூஎல்ஏ "தெரிந்த உள்ளூர்" ஆகாது, இல்லையா?

#22 தூங்காத_ரவுட்டர்

ரவுட்டர் அறிவிப்பு வழியாக ஆகாது. விபிஎன் மென்பொருளோ நிர்வாகியோ அந்த வரியைச் சேர்க்க வேண்டியிருக்கலாம். நீங்கள் பிடித்தது சரியான இடம்.

#23 முயல்குட்டி

எனக்கு இன்னொரு வேடிக்கை தோன்றுகிறது. ஜிலிப்சி 2003-இலேயே உட்கார்ந்திருந்து யூஎல்ஏவை ஐபிவி4-க்கு மேலே வைத்தது. விண்டோஸும் மஸ்லும் 2012-க்கு நகர்ந்து கீழே வைத்தன. இப்போது திருத்தம் வந்து உள்ளூர் யூஎல்ஏவை மேலே வை என்கிறது. நகராமல் உட்கார்ந்திருந்தவர் பாதி தூரம் முந்திக்கொண்டார். என் அலுவலகத்திலும் இப்படி ஒருவர் இருக்கிறார்.

ஆனால் ஜிலிப்சி ஊரான் யூஎல்ஏவையும் சேர்த்துத் தூக்குகிறது. சி லைப்ரரிக்கு ரவுட்டர் அறிவிப்பு நேரடியாகத் தெரியாது, அது கெர்னலின் காது. கெர்னல் கேட்டதை லைப்ரரி எப்படித் தெரிந்துகொள்வது என்று யாராவது வழி செய்ய வேண்டும். 3484-இலிருந்து 6724-க்கு வரவே ஒன்பது வருடம் ஆனது. அதிலும் ஜிலிப்சி இன்னும் வந்து சேரவில்லை.

#24 வலைத்தறி

மூன்று நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

முதல் வேலையாக 40 பிட்டைக் குலுக்கி எடுத்தேன். சனிக்கிழமை முழுவதும் சர்வர், டிஎன்எஸ், ஃபயர்வால் எல்லாவற்றிலும் மாற்றினேன். பூஜ்யம் போட்டபோது மனப்பாடமாக இருந்தது, இப்போது ஒரு சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டியிருக்கிறேன். பிறகு நான்கு விண்டோஸ் கணினிகளில் மட்டும் எங்கள் யூஎல்ஏ முன்னொட்டை (/48) ப்ரிஃபிக்ஸ் பாலிசியில் தனி வரியாக, 40-க்கு மேல் முன்னுரிமையோடு, தனி லேபிளோடு சேர்த்தேன். அதாவது வரப்போகும் விதியைக் கையால் செய்துபார்த்தேன். திங்கட்கிழமை காலை கவுண்ட்டரில் நான்கு கணினிகளும் வந்துவிட்டன.

பதினோரு மணிக்கு அந்த நால்வரில் ஒருவர் வந்து, கணக்கு மென்பொருள் திறக்க மாட்டேன் என்கிறது என்றார். யூஎல்ஏ வழியாக அந்த சர்வருக்குப் போகும் ஃபயர்வால் விதியில் போர்ட் எண்ணை நான் தப்பாக எழுதியிருக்கிறேன். ஆறு மாதமாக அங்கேயே இருந்த தப்பு. சனிக்கிழமை முன்னொட்டை மாற்றும்போதுகூடக் கண்ணில் படவில்லை.

#25 பழைய_கேபிள்

நான்கு கணினியோடு வெளியே வந்ததே.

#26 எட்டுப்பங்கு

இப்போதாவது ஏ ரெக்கார்டை எடுப்பீர்களா?

#27 வலைத்தறி

பிரிண்டர் இரண்டுக்கு ஐபிவி6 தெரியாது, அவை அப்படியே இருக்கட்டும். ஃபைல் சர்வரில் எடுத்துப் பார்க்கிறேன். இந்தத் தடவை என் லேப்டாப்பில் சோதிக்க மாட்டேன்.